கைக்கும் வாய்க்கும் நடுவே

இத்தாலியச் சொற்களை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தும் தொழில்கள் எனக்குத் தெரிந்து இரண்டு. ஒன்று மேலைச் சங்கீதம், மற்றது வங்கி. ‘பாங்க்’ என்ற சொல்லே, நாணயம் மாற்றுகிறவர்கள் சந்தையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பெஞ்சுக்கு இத்தாலிய பாஷையில் இருந்த பெயர்தான். இரட்டைப் பதிவுக் கணக்கை லூகா பச்சோலி என்ற துறவி 1494இல் வெனிஸில் அச்சேற்றினார். ஆனால் அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வியாபாரிகள் கையில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்ததை எழுதிவைத்தார், அவ்வளவுதான். சங்கீதத்திலும் கதை ஏறக்குறைய இதேதான். ‘ஆந்தாந்தே’ என்றால் நடந்து போகிற, ‘பியானோ’ என்றால் மெதுவாக, ‘ரூபாட்டோ’ என்றால் திருடப்பட்ட. எல்லாம் வீட்டிலும் தெருவிலும் புழங்கிய சொற்கள். நம்மிடம் வந்து சேர்வதற்குள் அவை மந்திரங்களாகிவிட்டன.

இந்த இரண்டு தொழில்களிலும் எனக்குக் கொஞ்சம் சம்பந்தம் உண்டு. வார நாட்களில் கூமாப்பட்டியில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையில் செவ்வியல் கிட்டார் மாணவன், முப்பது வயதுக்கு மேல் ஆரம்பித்தவன். எங்கள் வகுப்புக்கு வருகிற அநேகம் பேர் என் வயதில் பாதிகூட இல்லாதவர்கள். கூமாப்பட்டியிலிருந்தே ஒரு பையன் வருகிறான், பதினொன்றாவது படிக்கிறான். வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில், கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று நீளும் பஸ்ஸில் நாங்கள் இருவரும் இரண்டு கிட்டார் பெட்டிகளோடு போய்வருகிறோம். நான் பி.ஏ. ஆங்கிலம் என்பதால் எல்லா அந்நிய சொற்களுக்கும் நானே பொறுப்பு என்று அவன் முடிவு செய்திருக்கிறான்.

கூமாப்பட்டியின் பெயர் 2025இல் ஒரு ரீல்ஸ் மூலம் தமிழ்நாடு பூராவும் தெரியவந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம், பிளவக்கல் அணை, நெல் வயல், தென்னை, மா: வீடியோவில் பெயரைக் கேட்டவர்கள் காரிலும் பைக்கிலும் தேடி வந்தார்கள். ஒரு பெயர் தெரிந்துவிடுவதற்கும் அந்தப் பெயருக்குரியது தெரிவதற்கும் உள்ள தூரத்தை அந்த மாதங்களில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொல்ல வந்ததும் இந்தத் தூரத்தைப் பற்றித்தான்.

கிட்டார் மாணவனுக்கு முதல் மாதத்திலேயே இரண்டு பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் கொடுக்கப்படுகிறது. வேகத்துக்கு இத்தாலியன், கை வேலைக்கு ஸ்பானிஷ், நடுநடுவே பிரெஞ்சு, இவை அனைத்துக்கும் பொருள் இங்கிலீஷில். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுக்குப் போகிறவர்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். வாசிக்கிற உருப்படியில் உள்ள குறிகளுக்குத் தேர்வாளர் பொருள் கேட்கக்கூடும் அல்லவா. பையன் தன் நோட்டில் பட்டியலைப் பெயர்த்து எழுதி, ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லையும் செல்போனில் தட்டித் தமிழ் கண்டுபிடித்துப் பக்கத்தில் எழுதியிருந்தான். ‘ஃப்ரெட்’டுக்கு நேரே ‘கவலைப்படு’ என்று இருந்தது. ‘நட்’டுக்குக் ‘கொட்டை’. ‘ஃப்ளாட்’டுக்கு ‘தட்டையான’, அதன் கீழே ‘அடுக்குமாடி வீடு’. சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. எந்திரம் சொன்னதெல்லாம் அகராதிப்படி சரி. கிட்டார் என்ற ஒரு வஸ்துவும் அதன்மேல் ஒரு கையும் இருக்கின்றன என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை. டார்ரெகாவின் ‘லாக்ரிமா’வை அவன் எட்டு மாதமாக வாசித்துக்கொண்டிருந்தான். அது ஏதோ ஒரு பெண்மணியின் பெயர் என்று நினைத்திருந்தானாம். ‘கண்ணீர்த் துளி’ என்று நான் சொன்னபோது திருமங்கலம் வரைக்கும் பேசாமல் வந்தான்.

வலது கை விரல்களுக்கு மாணவர்கள் முதலில் படிக்கும் எழுத்துகள் நான்கு: பி, ஐ, எம், ஏ. இவற்றை இங்கிலீஷ் எழுத்துகளாகவே நாங்கள் உச்சரிக்கிறோம். கணிதத்தில் எக்ஸ், ஒய் மாதிரி இவையும் ஏதோ குறிகள் என்றுதான் வகுப்பில் எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இவை ஸ்பானிஷ் பாஷையில் விரல்களின் வீட்டுப் பெயர்கள். புல்கார் கட்டைவிரல். இந்திசே சுட்டிக்காட்டும் விரல். மெதியோ நடுவில் இருப்பது. அனுலார் மோதிரம் போடுவது. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் என்று குழந்தைக்கு நாம் சொல்லிக்கொடுப்பதையேதான் ஸ்பெயின்காரனும் சொல்லிக்கொடுக்கிறான். நான்கில் மூன்று விரல்களுக்கு இரண்டு பாஷையும் ஒரே காரணத்தைக் கொண்டு பெயர் வைத்திருக்கின்றன. கை இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை. அப்படியிருக்க இவ்வளவு பக்கத்தில் இருப்பதை இவ்வளவு தொலைவில் கொண்டுபோய் வைத்துப் படிக்கிறோமே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

உடனே நம்மில் ஒருவர் எழுந்து தமிழில் இல்லாததா என்பார். வாஸ்தவம், இருக்கிறது. கானல்வரியில் மாதவி யாழைத் தொழுது வாங்கிக் கோவலன் கையில் கொடுக்கும் இடத்தில், யாழ் வாசிக்கிற கையின் தொழில்கள் பெயர் பெயராக எண்ணப்படுகின்றன. வார்தல் சுட்டுவிரலின் வேலை. வடித்தல் சுட்டுவிரலும் பெருவிரலும் சேர்ந்து செய்வது. உறழ்தல் ஒரு நரம்பையோ இரண்டு நரம்பையோ இடையில் விட்டுத் தாண்டிப் போவது. உந்தல், உருட்டல், அள்ளல் என்று இன்னும் இருக்கின்றன. அரும்பதவுரைகாரர் எந்த விரல் என்ன செய்கிறது என்று விரல்வாரியாகவே சொல்கிறார். ஃபெர்னாந்தோ ஸோரின் பயிற்சிகளை வாசிக்கிற ஒருவன் இந்த உரையைப் படித்தால், உறழ்தலை அன்றைக்குக் காலையில்தான் செய்தோம் என்று அவனுக்குத் தோன்றும். நரம்பு என்ற சொல்லே எவ்வளவு ஸ்தூலமானது! கிட்டாரிலும் 1940களில் நியூயார்க்கின் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் கம்பி செய்து, அதை செகோவியா ஏற்று வாசிக்கும் வரைக்கும், மேல்தந்திகள் குடல் நரம்புதான்.

ஆனால் இந்தச் சொற்களுக்குரிய கை இன்று இல்லை. யாழ் வழக்கொழிந்தது. உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை உரையோடு பதிப்பித்தபோது சொற்கள் திரும்பிவந்தன, வாத்தியம் வரவில்லை. விபுலாநந்தர் நெடுங்காலம் உழைத்துக் கணக்குப் போட்டு யாழின் சுருதிகளையும் உருவங்களையும் மீட்டெடுத்தார். யாழ் நூல் 1947இல் வெளிவந்தது, அந்த வருஷமே அவர் காலமானார். நான் பெரிதும் மதிக்கும் புத்தகம் அது. இருந்தாலும் அதைப் படித்து ஒருவர் யாழை மீட்கலாமே தவிர வார்தல் செய்யக் கற்றுக்கொள்ள முடியாது. ஒரு விரல் இன்னொரு விரலுக்குக் காட்டிக்கொடுக்கிற சங்கிலி அறுந்துபோனபின், வார்தல் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் சொல்லாகிவிடுகிறது. நம்முடைய ‘வார்தல்’ இன்றைக்கு இருப்பதும் பையனுடைய நோட்டில் ‘அபோயாந்தோ’ இருப்பதும் ஒரே நிலைதான். ஒன்று காலத்தால் தூரம், மற்றது கடலால் தூரம்.

இதற்கு நேர் எதிரான நிலைமை வீணைக்காரர்களிடம் இருக்கிறது. அங்கே கை இருக்கிறது, கையோடு ஒட்டிய சொற்களும் இருக்கின்றன. தஞ்சாவூரில் வீணை செய்கிற ஆசாரியிடம் கேட்டால் குடம், தண்டி, குதிரை, பிருடை, மெட்டு என்று சொல்லிக்கொண்டே போவார். 24 மெட்டுகளை மெழுகில் பதித்துச் சுருதி சேர்ப்பதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். இவை யாரும் கமிட்டி போட்டு உண்டாக்கியவை அல்ல. தந்தியைத் தாங்குகிற துண்டுக்கு இத்தாலியன் ‘சின்னப் பாலம்’ என்று பெயர் வைத்தான். பிரெஞ்சுக்காரன் ‘சின்னக் குதிரை’ என்றான். நாமும் குதிரை என்கிறோம், யாரையும் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை. பையனுக்கு ஃப்ரெட் என்றால் வீணையில் மெட்டு என்றேன். ‘போடி மெட்டு, கம்பம் மெட்டு மாதிரியா சார்?’ என்றான். மலையடிவாரத்தில் பிறந்தவனுக்கு மெட்டு என்றால் ஏறுகிற இடம். சொற்பிறப்பு எதுவாக இருந்தாலும் இடது கை விரலுக்கு அது மேடாகத்தான் படுகிறது. ‘கவலைப்படு’ அன்றைக்கு அடிக்கப்பட்டது.

எட்டயபுரம் இங்கிருந்து வெகு தூரம் இல்லை. கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டில் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அந்த சமஸ்தானத்து வித்வான். பிடில் என்ற மேலை வாத்தியத்தை வெள்ளைக்காரரிடம் கற்றுக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். மகள் வயிற்றுப் பேரனாகப் பிறந்து அவராலேயே தத்தெடுக்கப்பட்டவர் சுப்பராம தீட்சிதர். சின்னசாமி முதலியார் என்பவர் சென்னையில் தியாகையர் முதலானோரின் கீர்த்தனைகளை மேலை ஸ்வரக்குறியில் எழுதி 1892 முதல் வெளியிட்டு வந்தார். அவருடைய தூண்டுதல் சுப்பராம தீட்சிதரை எழுத உட்கார வைத்தது. 1904இல் எட்டயபுரத்தில் அச்சான ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி அதன் பலன்.

தெலுங்கில் எழுதப்பட்ட அந்தப் பெரிய நூலில் எனக்கு முக்கியமாகப் படுவது கமகங்களுக்கு அவர் கொடுத்திருக்கும் குறிகளும் பெயர்களும்தான். கம்பிதம், ஸ்புரிதம் என்று சாஸ்திரத்திலிருந்து வருகிற பெயர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவிலேயே நொக்கு, ஜாரு, ஒதுக்கல் என்று சாஸ்திரத்தைப் பற்றிக் கவலைப்படாத பெயர்களும் உட்கார்ந்திருக்கின்றன. நொக்கு என்றால் தெலுங்கில் அழுத்துவது. ஜாரு வழுக்குவது. ஒதுக்கல் என்றால், விரல் ஒரு மெட்டிலேயே நின்றுகொண்டு தந்தியைப் பக்கவாட்டில் ஒதுக்கி மேல் ஸ்வரத்தைப் பிடிப்பது. இன்றைக்கு மின்சாரக் கிட்டார் வாசிக்கிற எந்தப் பையனும் நாளெல்லாம் செய்கிற காரியம். இந்தப் பெயர்கள் வீணைக்காரர்கள் ஒருவருக்கொருவர் வாயால் சொல்லிக்கொண்டவை என்பது கேட்டவுடனேயே தெரிகிறது. சுப்பராம தீட்சிதரின் பெருமை, அவற்றை மட்டம் என்று தள்ளாமல் சாஸ்திரப் பெயர்களுக்குச் சமமாக அச்சில் உட்கார வைத்தது. பச்சோலி வியாபாரிகளிடம் செய்ததையே இவர் வைணிகர்களிடம் செய்தார்.

பிடிலுக்கு எப்படி இத்தாலியச் சொல் தேவைப்படவில்லை என்று கேட்கலாம். பாலுசுவாமி தீட்சிதர் வாத்தியத்தை எடுத்துக்கொண்டார், அதன் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பிடில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தது, சுருதி மாற்றிக் கட்டப்பட்டது, வில்லும் குதிரையும் பிருடையும் தானாக வந்து ஒட்டிக்கொண்டன. கிட்டாரிலும் சுகுமார் பிரசாத், பிரசன்னா போன்றவர்கள் இந்த வழியில் போனார்கள், கர்நாடக சங்கீதத்தைக் கிட்டாருக்குள் ஏற்றினார்கள். செவ்வியல் கிட்டார் மாணவன் விஷயம் வேறு. ஸோர், கார்காஸி, டார்ரெகா ஆகியோரின் சங்கீதத்தையே அவன் வாசிக்க விரும்புகிறான். அந்த சங்கீதத்தின் தாளில் அந்தக் குறிகள் இருந்தே தீரும். அவற்றை நீக்கித் தமிழ்க் குறி போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உலகத்தில் எந்த மூலையில் அச்சானாலும் ஒரே மாதிரிப் படிக்கப்படுவது அந்தத் தாளின் சௌகரியம். பேரேட்டில் இருக்கிற குறிகளும் அப்படித்தான். என் சந்தேகம் தாளைப் பற்றியது இல்லை. தாளுக்கும் விரலுக்கும் நடுவே, ஆசிரியர் வாய் திறந்து மாணவனிடம் சொல்கிறாரே, அந்தப் பேச்சைப் பற்றியது.

1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியபோது நடந்த சண்டை, மேடையில் பாடப்படும் பாட்டின் பாஷை பற்றியது. நியாயமான சண்டை. ஆனால் சொல்லிக்கொடுக்கும் அறையில் பேசப்படும் பாஷை சண்டைக்கு உரிய விஷயமாக யாருக்கும் படவில்லை. அது எப்போதும் தமிழாகவே இருந்தது, அதனாலேயே அதை யாரும் எழுதிவைக்கவும் இல்லை.

எங்கள் மாஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இளமையில் சர்ச் பாட்டுக் குழுவிலும் பின்னால் மெல்லிசைக் குழுக்களிலும் வாசித்துப் பிறகு செவ்வியலுக்கு வந்தவர். சொற்பட்டியலைக் கொடுக்கிறவரும் அவர்தான். பட்டியலில் ‘அபோயாந்தோ’வுக்கு நேரே இங்கிலீஷில் மூன்று வரி விளக்கம் இருக்கிறது. அதை அவர் வகுப்பில் ஒருநாளும் வாசித்ததில்லை. ‘அடிச்சிட்டு வெரல் அடுத்த கம்பியில சாஞ்சு நிக்கட்டும்டா’ என்பார். மற்ற முறை வரும்போது, ‘சாயாத, இழுத்து விட்டுட்டுப் போயிரு’ என்பார். ஸ்பானிஷ் அகராதியைப் புரட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அபோயாந்தோ என்றால் சாய்ந்துகொண்டு. திராந்தோ என்றால் இழுத்துக்கொண்டு. மாஸ்டருக்கு ஸ்பானிஷ் தெரியாது, இங்கிலீஷ்கூட ஓரளவுதான். ஸ்பெயினில் எவனோ ஒரு வாத்தியார் தன் பையனிடம் என்ன சொன்னானோ அதையே இவர் மதுரையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. ஒரே வேலையைச் செய்கிற இரண்டு கைகள் ஒரே சொல்லுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் பட்டியலில் அந்தச் சொல் இல்லை. மாஸ்டருக்கே அது ஒரு சொல்லாகப் படவில்லை. ‘அதெல்லாம் சும்மா புரியறதுக்குச் சொல்றது சார், நீங்க பேப்பர்ல உள்ளதப் படிங்க’ என்கிறார். கைக்கு எட்டியது வாய்க்கும் எட்டித்தான் இருக்கிறது. தாளுக்கு எட்டவில்லை.

நம்முடைய விமரிசனத்தில் நடந்திருப்பதும் இதுதான் என்று எனக்கு வெகுநாளாகத் தோன்றிவருகிறது. எஸ்.வி. ராஜதுரை 1975இல் எழுதிய புத்தகத்தின் பெயர் ‘எக்ஸிஸ்டென்ஷியலிசம்’. தமிழவன் 1982இல் எழுதியது ‘ஸ்ட்ரக்சுரலிசம்’. தமிழ் எழுத்தில் அந்நிய சொல், அட்டையிலேயே. அன்று அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. பிறகு இருத்தலியல் என்றும் அமைப்பியல் என்றும் அழகான சொற்கள் வந்தன, நாமும் அவற்றுக்கு மாறிக்கொண்டோம். எனக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ என்று படித்தவனுக்குத் தனக்கு அது தெரியாது என்பதாவது தெரிந்திருந்தது. கதவு சாத்தியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ‘அமைப்பியல்’ என்று படிக்கிறவனுக்கு அமைப்பும் தெரியும், இயலும் தெரியும், ஆகவே இரண்டும் சேர்ந்ததும் தெரியும் என்ற மயக்கம் வந்துவிடுகிறது. கதவைப் பற்றிய பிரக்ஞையே போய்விடுகிறது. நல்ல தமிழ்ச் சொல் சீக்கிரமாகக் கிடைத்துவிடுவதில் இப்படி ஓர் ஆபத்து உண்டு.

இதற்கு மாறான உதாரணம் ‘படிமம்’. சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ 1959இல் தொடங்கியபின், கவிதை எழுதிக்கொண்டிருந்தவர்களின் பேச்சிலும் சண்டையிலும் புழங்கிய சொல் அது. முன்னாலேயே சிலையைக் குறித்த சொல். கவிதையில் அந்தக் காரியத்தைச் செய்து பார்த்தவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். அதனால்தான் அது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, தவறாகப் பயன்படுத்தும்போதுகூட எங்கே தவறு என்று நம்மால் சொல்ல முடிகிறது. ‘நடை’ என்ற சொல்லும் அப்படித்தான். உரைநடைக்கும் தாளத்துக்கும் காலுக்கும் பொதுவான சொல், 1968இல் ஒரு சிறுபத்திரிகையின் பெயராகவும் ஆயிற்று. ‘ஆந்தாந்தே’வுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்தக் கமிட்டியும் தரப்போவதில்லை.

என் மேஜைமேல் உள்ள படிவங்களிலும் இந்த இரண்டு வகைத் தமிழும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. வரவு, பற்று, இருப்பு, வட்டி, அடகு, பேரேடு ஆகியவை கடைவீதியிலிருந்து வந்தவை. கையெழுத்துப் போடத் தெரியாத கிழவிகூட வட்டி என்ற சொல்லைத் தப்பாகப் பிரயோகிப்பதில்லை. ‘கேட்பு வரைவோலை’யும் அதே மையில்தான் அச்சாகியிருக்கிறது. இத்தனை வருஷத்தில் கவுண்டரில் அதை உச்சரித்த ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை, டிடி என்கிறார்கள். முதல் வகைச் சொற்களைத் தமிழ் என்பதற்காக யாரும் சொல்லவில்லை, அவை இல்லாமல் வியாபாரம் நடக்காது என்பதால் சொல்கிறார்கள்.

இதற்கு ஒரு ஆட்சேபம் இருக்கிறது, நியாயமானதுதான். விரல் சாய்வதற்கும் இழுப்பதற்கும் கையிலிருந்து சொல் வரலாம். ‘ரூபாட்டோ’ மாதிரி, கண்ணுக்குத் தெரியாத, காலத்தைப் பற்றிய சூக்ஷ்மமான விஷயத்துக்கு எந்தக் கையிலிருந்து சொல் வரும்? பையன் பட்டியலில் ‘திருடப்பட்ட காலம்’ என்று எழுதி வைத்திருந்தான். சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் அவன் வாசிக்கும்போது திருட்டு மட்டும் நடந்தது. லாக்ரிமாவில் பிடித்த இடத்தில் எல்லாம் நின்றான், நின்ற நேரத்துக்குக் கணக்கே இல்லை. பழைய ஆசிரியர்கள் பலர், ரூபாட்டோவில் எடுத்த காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கொடுக்க வேண்டியதில்லை என்று வாதாடுகிறவர்களும் உண்டு. முதல் கட்சியை அவனுக்கு விளக்க ‘திருட்டு’ உதவவில்லை, திருடினவன் திருப்பிக் கொடுப்பதில்லையே. பஸ்ஸில் வரும்போது, ‘இது திருட்டு இல்லடா, கைமாத்து’ என்றேன். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஆனால் ஊரில் முகம் பார்க்க வேண்டும் என்பதால் திருப்பித் தந்தே ஆகவேண்டிய கடன். ‘இந்த ஸ்வரத்துல வாங்கினா அடுத்த ரெண்டு ஸ்வரத்துக்குள்ள குடுத்துறணும், அப்படித்தான சார்?’ என்றான். அப்படித்தான். அடுத்த ஞாயிறு அவன் வாசித்ததில் முதல் தடவையாக ஒரு வரி இழுபட்டுத் திரும்பித் தன் இடத்துக்கு வந்தது. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

கைமாற்று என்ற சொல்லை ரூபாட்டோவுக்கு நிகரான கலைச்சொல்லாக நான் முன்மொழியவில்லை. நாளைக்கு அது ஒரு பாடநூலில் ‘கைமாற்றுக் காலம்’ என்று அச்சாகி, கைமாற்று வாங்கிப் பழக்கமில்லாத ஒரு மாணவனால் மனப்பாடம் செய்யப்பட்டால், ‘கேட்பு வரைவோலை’ கூட்டத்தில் இன்னொன்று சேரும். கடன் கொடுக்கவும் வாங்கவும் தெரிந்த ஒரு ஊரில், ஒரு பையனுக்கு ஒரு வாரம் அது வேலை செய்தது. சொல் என்பதற்கு இதற்கு மேல் என்ன யோக்கியதை வேண்டும்?

இந்த மலைத்தொடருக்கு அந்தப்புறம், தேனி மாவட்டத்தில் பண்ணைப்புரம் இருக்கிறது. அங்கே பிறந்த இளையராஜா அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிகளில் தொடங்கி, சென்னைக்குப் போய்த் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை சங்கீதம் கற்று, டிரினிட்டியின் செவ்வியல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வகுப்பில் ஒவ்வொரு பெற்றோரும் இதைச் சொல்லித்தான் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். எனக்கு அந்தப் பதக்கத்தைவிட 1986இல் வந்த இசைத்தட்டுக்கு அவர் வைத்த பெயர் முக்கியமாகப் படுகிறது: ‘ஹவ் டு நேம் இட்’. தியாகையருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணம் செய்த அந்த சங்கீதத்துக்கு, எப்படிப் பெயர் வைப்பது என்ற கேள்வியையே பெயராக வைத்தார். அந்தப் பட்டியலை முழுக்கப் படித்துத் தேறிய ஒருவர், பட்டியலில் இல்லாத ஒன்றைச் செய்தபின் கேட்ட கேள்வி அது. நாம் பெரும்பாலும் பெயரை முதலில் வைத்துவிட்டுக் காரியத்துக்குக் காத்திருக்கிறோம்.

நான் செய்யக்கூடியதாகத் தோன்றுவது சின்ன வேலை. நம் ஊர்களில் கிட்டாரும் கீபோர்டும் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர்கள் ‘சும்மா புரியறதுக்கு’ச் சொல்வதையெல்லாம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எழுதிவைக்க வேண்டும். திருத்தக்கூடாது, செந்தமிழ் ஆக்கக்கூடாது, எந்த மாஸ்டர் எந்த உருப்படிக்குச் சொன்னார் என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். பையன் இப்போது நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டிருக்கிறான். முதலில் பட்டியலின் சொல், இரண்டாவது செல்போன் சொன்னது, மூன்றாவது மாஸ்டர் சொன்னது. அபோயாந்தோவுக்கு ‘சாஞ்சு நில்லு’. ஸுல் பொன்டிசெல்லோவுக்கு ‘குதிரை கிட்ட போ’. ஹார்மானிக்ஸுக்குத் ‘தொட்டும் தொடாம’. ‘டோல்சே’வுக்கு இரண்டாவது பத்தியில் ‘இனிமையான’ என்று இருக்கிறது. மாஸ்டர் அந்த இடம் வரும்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை, கையை ஒலித்துளைக்கு மேலே கொஞ்சம் நகர்த்தித் தானே வாசித்துக் காட்டிவிடுகிறார். மூன்றாவது பத்தியில் பையன் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறான்.